ஏரியைச் சுத்தம் செய்யும் முன் மாதம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதி ஏரியில் செடி கொடிகளை அகற்றும் பணி இந்த ஆண்டும் புரட்டாசி முதல் வாரம் தொடங்கும் என்று கடந்த வாரம் தங்கள் நாளிதழின் சேலம் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், இயந்திரம் வருகிறது, கரையையும் பலப்படுத்தப் போகிறார்கள். எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் புரட்டாசி என்ற அந்த ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை. கடிதம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் ஏறவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 1982-இல் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்து 2016-இல் ஓய்வு பெற்றேன். திங்கட்கிழமை செய்முறை வகுப்புக்கு வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே ஏரியிலிருந்து பிடித்து வந்து வைப்பது என் வேலை. ஒரு சைக்கிள், ஒரு வாளி, கொசுவலைத் துணியில் என் மனைவி தைத்துக் கொடுத்த கைவலை, அகல வாய்ப் பாட்டில்கள் நான்கு. ஹைட்ரா (நீர்ச்செடியில் ஒட்டி வாழும் நூல் போன்ற சிறு உயிர்), டாஃப்னியா (நீர்த்தெள்ளு), நத்தை, தவளை என்று பேராசிரியர் சீட்டு எழுதித் தருவார். முதல் வருடம் வெறும் வாளியோடு திரும்பிய நாட்கள் அதிகம். வைகாசியில் ஹைட்ரா கேட்டால் எந்த ஏரியில் போய்த் தேடுவது? அதனால்தான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். என்ன தேதி, எந்த ஏரி, எந்தப் பக்கத்துக் கரை, தண்ணீர் மதகின் எந்தப் படி வரை நின்றது, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன். ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. இன்று 17 நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன.

அவற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். வயலுக்கு எப்படிப் பட்டம் இருக்கிறதோ அப்படியே ஏரிக்கும் பட்டம் இருக்கிறது. ஆடியில் விதைக்க வேண்டியதைத் தையில் விதைத்தால் என்ன ஆகும் என்று சேலத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஏரி விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட்டோம்.

சித்திரையிலிருந்து தொடங்குகிறேன். முன்பெல்லாம் சித்திரையில் ஏரிப்படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு ஏரி செத்துவிட்டது போலத் தோன்றும். 1991-இல் அந்த வெடிப்பு மண்ணில் ஒரு கட்டியைப் பெயர்த்துக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் போட்டேன். தண்ணீரிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, கொதிக்க வைத்து ஒரு நாள் ஆற வைத்த தண்ணீரை ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். நான்காம் நாள் காலையில் ஊசி முனை அளவில் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. உருப்பெருக்கியில் வைத்தபோது டாஃப்னியா. உடம்பு கண்ணாடி போல, உள்ளே இதயம் அடிப்பது தெரிந்தது. ஏரி வற்றும் காலம் நெருங்கும்போது இவை தடித்த ஓடு மூடிய முட்டைகளை இட்டுவிட்டு மடிகின்றன. முட்டைகள் சேற்றுக்குள் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும். அன்று மாணவர்கள் வகுப்பு முடிந்த பிறகும் தொட்டியை விட்டு நகரவில்லை. வெடித்த மண்ணை நான் அதற்குப் பிறகு மிதித்து நடந்ததில்லை, ஓரமாகத்தான் போவேன்.

பிறகு சேர்வராயன் மலையில் மழை இறங்கும். ஏற்காட்டுப் பக்கம் இரண்டு நாள் மேகம் இறங்காமல் நின்றால் மூன்றாம் நாள் ஓடைகளில் செந்தண்ணீர் வரும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஏரியில் கலங்கல்தான். வெளிச்சம் அடிவரை போகாததால் நீருக்குள் செடி அதிகம் வளராது. ஆனால் சேற்றில் காத்திருந்த முட்டைகள் இந்தப் புதுத்தண்ணீர் பட்டவுடன் பொரிக்கத் தொடங்கிவிடும். தட்டான்களும் இந்தச் சமயத்தில்தான் கூட்டமாக வந்து வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டை வைக்கும். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று நம் பெரியவர்கள் சொன்னதை நாம் மழைக்கு அறிகுறியாக மட்டும் பார்க்கிறோம். தட்டானுக்கு மழை வேண்டும், அதன் குஞ்சுகள் வளர்வதற்குப் புது நீர் வேண்டும். அந்தக் குஞ்சுகள் தின்று தீர்க்கும் கொசுப்புழுக்களுக்குக் கணக்கே இல்லை.

இப்போது புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் வருகிறேன். ஏரி நிரம்பிக் கோடி விழும், அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்து ஓடும் காலம். கலங்கல் படிந்து தண்ணீர் தெளியும். அடிச்சேற்றிலிருந்து வேலம்பாசி எழும். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக் குழாயை வைத்து, குமிழி குமிழியாக ஆக்சிஜன் வருவதைக் காட்டினார்களே, அந்த ஹைட்ரில்லாதான் இது. கரையோரம் கோரையும் சம்பும் நிமிரும், வள்ளைக்கொடி தண்ணீர் மேல் படரும், அல்லி இலை விரிக்கும். கெண்டையும் கெளுத்தியும் கோடித் தண்ணீரில் எதிரேறும். இரவெல்லாம் தவளைச் சத்தம்.

இந்த இரண்டு மாதத்தில் ஏரிக்கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு விராலைப் பார்த்திருக்கிறீர்களா? முழங்கால் ஆழத்தில், செடி அடர்ந்த இடத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து தாம்பாளம் அகலத்துக்குச் செடியை விலக்கி ஒரு வட்டம் அமைக்கும். தேன் நிறத்தில் முட்டைகள் அந்த வட்டத்துக்குள் மிதக்கும். சுற்றியுள்ள செடிதான் அதற்கு வேலி. காற்றில் முட்டை கலைந்து போகாமலும் மற்ற மீன்கள் வந்து தின்னாமலும் அது காக்கிறது. ஓரிரு நாளில் பொரிக்கும். பத்து நாள் கழித்துப் போனால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே கூட்டமாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்குவதைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் யாரோ குங்குமத்தைக் கொட்டிக் கலக்கியது போல இருக்கும். அடியில் பெற்றோர் இரண்டும் நின்று காவல் காக்கும். கையை நீட்டினால் பாய்ந்து வரும். என் வலது கைச் சுண்டுவிரலில் அதன் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் குஞ்சுகளின் முதல் சாப்பாடு எது தெரியுமா? மேலே சொன்ன, வெடிப்பு மண்ணிலிருந்து பொரித்த அந்தப் புள்ளிகள்தான். சித்திரை வெயிலும் ஆடி வெள்ளமும் புரட்டாசிச் செடியும் ஒன்றுக்கொன்று நாள் தவறாமல் கை கொடுத்தால்தான் மார்கழியில் ஏரியில் விரால் இருக்கும்.

மீன்பாசி குத்தகை எடுப்பவர்கள் விடும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை ஓடும் ஆற்று நீரில் இனம் பெருக்குபவை. தேங்கிய ஏரியில் தாமாகக் குஞ்சு பொரிப்பதில்லை, அதனால்தான் வருடா வருடம் வெளியிலிருந்து குஞ்சு வாங்கி விடுகிறார்கள். ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே வளரும் விரால், குரவை, ஆரால், அயிரை இவற்றுக்கு அப்படி வாங்கி விட ஆள் இல்லை. அவற்றுக்கு இருப்பது புரட்டாசி ஒன்றுதான்.

போன வருடம் அந்தப் புரட்டாசியில்தான் இயந்திரம் இறங்கியது.

காலை ஆறரை மணிக்கு நான் போனபோது கிழக்குக் கரையில் பாதி வேலை முடிந்திருந்தது. ஆகாயத்தாமரையை எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எடுத்தார்கள், அதோடு கோரை, சம்பு, வள்ளை, அல்லிக்கிழங்கு, வேலம்பாசி எல்லாவற்றையும் ஒரே வாரலில் வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். குவியல் என் தோள் உயரம் இருந்தது, உள்ளே ஏதோ அசைந்துகொண்டிருந்தது. கையை விட்டு விலக்கினேன். விரால் குஞ்சுகள், செம்மஞ்சள் நிறம் இன்னும் மாறாதவை, வேலம்பாசிக்குள் சிக்கித் துடித்தன. பக்கத்துக் குவியலில் நாமக்கோழியின் கூடு, ஐந்து முட்டை, இரண்டு உடைந்திருந்தன. இயந்திரம் ஓட்டிய தம்பியிடம் ஓடினேன். நல்ல பையன், உடனே நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “பச்சையாக இருப்பதை எல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஐயா. எதை விடுவது என்று எனக்குச் சொல்லவில்லையே” என்றார். அவரும் என்னோடு சேர்ந்து வாளியில் அள்ளினார். ஐந்து வாளி குஞ்சுகளை மேற்குக் கரைச் செடிக்குள் விட்டோம். நான்காம் நாள் மேற்குக் கரையிலும் வாரிவிட்டார்கள்.

மனு கொடுத்தேன். மழைக்கு முன்னால் ஏரியைச் சுத்தம் செய்துதானே ஆக வேண்டும் என்று பதில் கிடைத்தது. சேலத்தில் மழை ஐப்பசியில் தொடங்குவதில்லை என்பதை எப்படிப் புரிய வைப்பது? கடற்கரை மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கதி. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆடி, ஆவணியிலேயே மலைத்தண்ணீர் வந்து ஏரிக்குள் வேலை நடக்க ஆரம்பித்துவிடுகிறது. இங்கே மழைக்கு முன்னால் என்றால் அது பங்குனி, சித்திரை, வைகாசிதான். நிதியாண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தொடங்குகிறது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும், இயந்திரம் இறங்க எளிது, எரிபொருளும் மிச்சம்.

சுத்தம் செய்த பிறகு என்ன நடந்தது என்பதையும் நோட்டிலிருந்தே சொல்கிறேன். கார்த்திகை வரை ஏரி கண்ணாடி போல இருந்தது, பலர் படம் எடுத்தார்கள். வழக்கமாக மார்கழியில்தான் எனக்கு ஹைட்ரா கிடைக்கும். குளிர்ந்து தெளிந்த தண்ணீரில், வேலம்பாசி இலையின் அடியில் ஒட்டியிருக்கும். செடியைப் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் ஒரு இரவு வைத்தால், காலையில் வெளிச்சம் விழும் பக்கத்துக் கண்ணாடியில் அரை அங்குல நூல் போல ஒட்டிக்கொண்டு கைகளை நீட்டி நிற்கும். பலவற்றின் இடுப்பில் மொட்டு விட்டிருக்கும். 1983 முதல் எல்லா மார்கழியிலும் அது என் நோட்டில் இருக்கிறது. போன மார்கழியில் நான்கு ஞாயிறும் ஒன்றுகூட இல்லை. ஒட்டுவதற்குச் செடியே இல்லாதபோது எங்கிருந்து வரும்? வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகி வாத்துகள் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விட்டன.

தை கடைசியில் தண்ணீர் பச்சையாக மாறியது. சாக்கடையோடு வரும் உரச்சத்தை முன்பு கோரையும் வேலம்பாசியும் எடுத்துக்கொண்டிருந்தன. அவை இல்லாததால் மிதக்கும் நுண்பாசி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு பெருகிவிட்டது. பகலில் அது ஆக்சிஜனை வெளியிடும், இரவில் அதுவே ஆக்சிஜனை உறிஞ்சும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் ஏறும் மாதத்தில் பாசியும் ஏறினால் விடியற்காலையில் மீனுக்கு மூச்சு முட்டும். மாசி இரண்டாம் வாரம் நான் போனபோது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன. அடுத்த ஞாயிறு கரை முழுக்க வெள்ளை வயிறு.

ஆகாயத்தாமரை? வாரிய குவியலை நீர் விளிம்பிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியபோது பாதிக் குவியல் மிதந்து உள்ளே போய்விட்டது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, சத்தான தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகக் கூடியது. அதன் விதையும் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். போட்டிக்கு வேறு செடி இல்லாத ஏரி கிடைத்தது, பங்குனியில் மூன்றில் ஒரு பங்கு மூடிவிட்டது. ஆகாயத்தாமரையை ஒழிக்கச் செய்த வேலை ஆகாயத்தாமரைக்குத்தான் இடம் ஒழித்துக் கொடுத்தது.

எல்லாப் பழியையும் அந்த இயந்திரத்தின் மேல் போடவும் எனக்கு மனமில்லை. எங்கள் ஏரிக்குப் பல வருடங்களாகக் கோடைக்காலமே வருவதில்லை. வீட்டுக் கழிவுநீர் 12 மாதமும் வந்து விழுவதால் சித்திரையிலும் தண்ணீர் நிற்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் “உங்கள் ஏரியில் எப்போதும் தண்ணீர் இருக்கிறதே” என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. படுகை காய்ந்து வெடிப்பது ஏரிக்கு ஓய்வு. சேற்றுக்குக் காற்றுப் படும், நாற்றம் தீரும், ஆகாயத்தாமரை கருகும், கரையோர ஈரத்தில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் முளைக்கும், மிஞ்சிய சேற்றுக் குட்டைகளில் நத்தைகுத்தி நாரைகள் இறங்கும். வற்றாத சாக்கடைத் தண்ணீரில் எதையும் தாங்கும் உயிர்கள் மட்டும் நிலைக்கின்றன. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன், வளர்ப்பதற்கே தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி, கொசு. பருவம் போனால் பருவத்தை நம்பி வாழ்ந்தவையும் போய்விடுகின்றன. சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்மால் முடியாதது என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே சேலத்தில் மூக்கனேரியை 2010-இல் மக்கள் கூடிச் சீர்ப்படுத்தினார்கள். தோண்டிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று மாலையில் அங்கே போனால் அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும் அடைவதைப் பார்க்கலாம். நம் கிழக்குக் கடலில்கூட ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வைத்து மீன் இனம் பெருகக் காத்திருக்கிறோம். எங்கள் ஏரி மீனுக்கு இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாதா?

ஆகவே சம்பந்தப்பட்டவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். புரட்டாசியில் இயந்திரத்தை இறக்காதீர்கள். ஆகாயத்தாமரையை மட்டும் பரிசலில் போய் ஆட்களை வைத்துக் கையால் எடுக்கலாம், அதற்கு மாதம் பார்க்க வேண்டாம். எடுத்ததை அன்றன்றே வண்டியில் ஏற்றி ஏரியை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் எருவாக்குங்கள், நீர் விளிம்பில் ஒரு கூடைகூட நிற்கக் கூடாது. மற்ற பெரிய வேலையைப் பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். அப்போதும் மலைத்தண்ணீர் நுழையும் வடக்குப் பக்கத்தில் கோரையும் சம்பும் உள்ள பகுதியைத் தொடாதீர்கள். வண்டலையும் கழிவின் சத்தையும் முதலில் பிடித்து நிறுத்துவது அந்த இடம்தான். ஒப்பந்தத்தில் ‘செடிகளை அகற்றுதல்’ என்று எழுதாமல் எந்தச் செடி என்று பெயர் எழுதுங்கள். கழிவுநீரை நிறுத்தும் வேலை பெரியது, உடனே முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அதைத் தொடங்காமல் செய்யும் எந்தச் சுத்தமும் அடுத்த மாசி வரைதான் நிற்கும்.

அருகிலுள்ள பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளை ஏரிக்கு அழைத்து வாருங்கள். தண்ணீர் மதகில் எந்தப் படியில் நிற்கிறது, என்ன நிறம், என்ன செடி, என்ன பறவை என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். என் கண் பார்வை குறைந்து வருகிறது, 18-ஆவது நோட்டை என்னால் முடிக்க முடியுமா என்று தெரியவில்லை. 17-ஐயும் யார் கேட்டாலும் நகல் எடுத்துத் தருகிறேன்.

இன்று ஆவணி 20. நேற்று மாலை போயிருந்தேன். போன வருடம் எல்லாம் வாரியும், வடமேற்கு மூலையில் பாறைச் சந்தில் நான்கு முழ நீளத்துக்கு வேலம்பாசி தப்பியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பெரிய விரால் ஒன்று இரண்டு முறை மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு இறங்கியது. இயந்திரம் வருவதற்குள் அந்த இடத்தைச் சுற்றி மூங்கில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவைக்க அனுமதி கேட்டு இன்று காலை எழுதிக் கொடுத்திருக்கிறேன். குச்சியும் துணியும் என் வீட்டுத் திண்ணையில் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளர்,
கன்னங்குறிச்சி, சேலம்.